பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்ல ஒரு கப்பல்

1898-இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. அட்மிரல் செர்வேரா தலைமையில் ஸ்பெயினின் கப்பற்படை ஒன்று ஏப்ரல் 29-ஆம் தேதி ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கேப் வெர்டே தீவுகளிலிருந்து கிளம்பியது. மேற்கே போகிறது என்பது தெரியும். எங்கே போய்ச் சேரும் என்பது யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் கிழக்குக் கரை நகரங்களில் ஒரே கலக்கம். நம் ஊருக்கு எதிரே வந்து நின்று குண்டு போடுவார்களோ என்று ஒவ்வொரு துறைமுகமும் தனக்கென ஒரு காவல் கப்பல் கேட்டது. செர்வேராவோ மே 19-இல் கியூபாவின் சாண்டியாகோ துறைமுகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் அங்கேதான் இருக்கிறார் என்று அமெரிக்கக் கப்பல்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்வதற்குள் மே 29 ஆகிவிட்டது.

கணக்குப் போட்டால் சரியாக ஒரு மாதம். ஒரு கப்பற்படையே ஒரு மாதம் கண்ணில் படாமல் இருக்க முடிந்தது. தேடிப் பிடிக்க வேகமான கப்பல்கள் அமெரிக்காவிடம் போதவில்லை. அதனால் அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகள் கப்பல்களை அவசர அவசரமாக எடுத்து, பீரங்கி மாட்டி, வேவு பார்க்க அனுப்பினார்கள். செயின்ட் லூயிஸ், செயின்ட் பால், ஹார்வர்ட், யேல் என்று நான்கு கப்பல்கள் அந்த வேலைக்குப் போயின.

இந்த மாதிரித் தலைவலிக்கு மருந்தாக யோசிக்கப்பட்டதுதான் ஸ்கவுட் குரூசர். குரூசர் என்பது, தனியாகவே நெடுந்தூரம் ஓடக்கூடிய நடுத்தர அளவுப் போர்க்கப்பல். அதில் வேவுக்கென்றே கட்டியது ஸ்கவுட் குரூசர். தமிழில் வேவுக் கப்பல் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய தமிழில் படையின் முன்னால் போகும் அணிக்குத் ‘தூசி’ என்று பெயர். தூசி சண்டையைத் தொடங்கி வைக்கும். ஆனால் இந்தக் கப்பலுக்கு அந்த உரிமைகூடக் கிடையாது. எதிரியைத் தேட வேண்டும், கண்டால் எண்ண வேண்டும், எந்தத் திசையில் என்ன வேகத்தில் போகிறான் என்று குறித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் திரும்பி ஓட வேண்டும். நின்று சண்டை போட்டால் அது வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள்.

இந்த வகையில் அமெரிக்கா முதலில் கட்டியவை மூன்றே மூன்று: செஸ்டர், பர்மிங்ஹாம், சேலம். சேலம் என்றதும் மாம்பழம் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, ஆனால் இது மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். பர்மிங்ஹாமும் இங்கிலாந்தில் இருப்பது அல்ல, அலபாமா மாநிலத்து ஊர். இந்தக் கட்டுரை பெரும்பாலும் பர்மிங்ஹாமைப் பற்றியது. வேவுக் கப்பல் என்றால் என்ன, அது ஏன் வந்தது, ஏன் போனது என்று மூன்றையும் அந்த ஒரு கப்பலின் வாழ்க்கையை வைத்தே சொல்லிவிடலாம்.

கொடிமரத்து உச்சியிலிருந்து எவ்வளவு தெரியும்?

முதலில் கடலில் எவ்வளவு தூரம் பார்க்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பூமி உருண்டை. கடற்கரையில் தண்ணீர் ஓரமாக நிற்கும் ஒருவருக்கு, கடல் வானத்தைத் தொடும் அந்தக் கோடு ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். அதற்கு அப்பால் இருக்கும் தண்ணீர், பூமியின் வளைவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. உயர ஏறினால் கோடு தள்ளிப் போகும். கப்பலின் கொடிமரத்தில் 30 மீட்டர் உயரத்தில் ஒரு மாலுமி நின்றால், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரை அவர் கண் எட்டும். எதிரே வரும் கப்பலும் உயரமானது என்றால், அதன் கொடிமரமும் புகையும் இன்னும் முன்பே தெரியும். இதெல்லாம் பகலில், வானம் தெளிவாக இருந்தால். மழையோ பனிமூட்டமோ வந்தால் எல்லாம் கைவிட்டுப் போகும்.

20 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 11 கடல் மைல். ஆக, ஒரு கப்பல் நடுக்கடலில் தன் இரு பக்கமும் பத்துப் பத்து மைலைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று வேவுக் கப்பல்களை இருபது மைல் இடைவெளியில் பக்கவாட்டாக ஓட விட்டால், அறுபது மைல் அகலத்துக்கு ஒரு வலை விரித்த மாதிரி. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அறுபது மைல் வலை ஒன்றுமே இல்லைதான். ஆனாலும் அன்றைக்கு வேறு வழி இல்லை.

சரி, வலையில் எதிரி பட்டுவிட்டான். செய்தியை எப்படிச் சொல்வது? வானொலித் தந்தி இல்லாத கப்பலை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். நம் பெரிய கப்பல்கள் 60 மைல் பின்னால் 15 நாட் வேகத்தில் வந்துகொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். வேவுக் கப்பல் 24 நாட் வேகத்தில் அவர்களை நோக்கித் திரும்பி ஓடுகிறது. இரண்டும் எதிரெதிரே வருவதால் மணிக்கு 39 மைல் இடைவெளி குறையும். அப்படியும் சந்திக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் எதிரி 15 நாட்டில் போனாலும் 20 மைலுக்கு மேல் நகர்ந்திருப்பான், திசையையும் மாற்றியிருக்கலாம். கொண்டுவந்த செய்தி வந்து சேரும்போதே பழசு.

இதிலிருந்து வேவுக் கப்பலுக்கு என்னென்ன வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட வேகம் வேண்டும். நெடுநாள் ஓட நிலக்கரி வேண்டும். அலையை வெட்டிக்கொண்டு போக உயரமான முகப்பு வேண்டும், இல்லாவிட்டால் கொந்தளிப்பில் அந்த வேகம் செல்லாக்காசு. வானொலித் தந்தி வேண்டும். பீரங்கியும் கவசமும் கடைசி வரிசை.

பர்மிங்ஹாமின் அளவுகளைப் பார்த்தால் இந்த வரிசை கண்ணாடி போலத் தெரியும். நீளம் 129 மீட்டர், அகலம் 14 மீட்டர் சொச்சம், மேலே நான்கு புகைபோக்கிகள். எடை 3,750 டன். அதே காலத்து அமெரிக்கப் பெரும் போர்க்கப்பல்கள் 16,000 டன்னைத் தொட்டுக்கொண்டிருந்தன. எஞ்சின் திறன் 16,000 குதிரைத்திறன். ஆயுதமோ ஐந்து அங்குலப் பீரங்கி இரண்டு, மூன்று அங்குலப் பீரங்கி ஆறு, நீருக்குள் ஓடித் தாக்கும் டார்பிடோவை விடும் குழாய் இரண்டு. அவ்வளவுதான்.

இது எவ்வளவு குறைச்சல் என்று புரிய, நமக்குத் தெரிந்த ஒரு கப்பலைப் பக்கத்தில் நிறுத்துவோம். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் குரூசர் எம்டன். “அவன் பெரிய எம்டன்” என்று இன்றைக்கும் நாம் சொல்லும் அதே எம்டன். அது கடலில் இறக்கப்பட்டது 1908-இல். எடையிலும் ஏறக்குறைய பர்மிங்ஹாமுக்குச் சமம். ஆனால் அதில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து இருந்தன. ஜெர்மானியர்கள் தங்கள் சிறிய குரூசரை வேவும் பார்க்க, தேவைப்பட்டால் அடிக்கவும் செய்யக்கூடியதாகக் கட்டினார்கள். அமெரிக்கர்கள் ‘அடிக்காதே, பார்’ என்று கட்டினார்கள். எது புத்திசாலித்தனம் என்று கேட்டால், நான் ஜெர்மானியர் பக்கம்தான். ஓடத் தெரிந்த கப்பலுக்கும் ஒருநாள் ஓட முடியாமல் போகும்.

ஒரே கப்பல், மூன்று எஞ்சின்

வேகம் என்பது லேசில் கிடைக்கும் சரக்கு அல்ல. கப்பல் வேகத்தை இரட்டிப்பாக்க எஞ்சின் திறனை இரண்டு மடங்கு ஆக்கினால் போதாது, ஏறக்குறைய எட்டு மடங்கு ஆக்க வேண்டும். 12 நாட்டில் சும்மா ஓடும் கப்பல் 24 நாட்டைத் தொட வேண்டும் என்றால், கொதிகலன்களுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவர்களின் முதுகு ஒடியும்.

மூன்று கப்பல்களையும் கட்டும்போது அமெரிக்கக் கடற்படை ஒரு நல்ல காரியம் செய்தது. உடம்பை ஒன்றுபோலக் கட்டிவிட்டு, எஞ்சினை மட்டும் மாற்றி வைத்தது. பர்மிங்ஹாமுக்குப் பழைய பிஸ்டன் எஞ்சின். செஸ்டருக்குப் பார்சன்ஸ் டர்பைன். சேலத்துக்குக் கர்டிஸ் டர்பைன். எது சிறந்தது என்று ஓட்டியே பார்த்துவிடலாம் என்பது திட்டம்.

பிஸ்டன் எஞ்சினில் நீராவி ஒரு உருளைக்குள் நுழைந்து பிஸ்டனைத் தள்ளும், வலு கொஞ்சம் குறைந்ததும் அதைவிடப் பெரிய அடுத்த உருளைக்குப் போகும், பிறகு இன்னும் பெரிய மூன்றாவதுக்கு. கரும்பை மறுபடி மறுபடி மடித்து விட்டுப் பிழிவது போல, ஒரே நீராவியை மூன்று முறை பிழிவது. நல்ல சிக்கனம். ஆனால் அவ்வளவு பெரிய இரும்புத் தண்டுகள் மேலும் கீழும் குதிக்கும்போது கப்பலே ஆடும், தாங்கிகள் சூடேறும். முழு வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் எதாவது ஒன்று விட்டுப்போகும். டர்பைனில் குதிக்கிற வேலையே இல்லை. தகடுகள் செருகிய சக்கரங்களை நீராவி காற்றாடி போலச் சுற்றிவிடும். சீராக, அதிர்வில்லாமல் ஓடும்.

சோதனை ஓட்டத்தில் செஸ்டர் 26.52 நாட் எடுத்தது. சேலம் 25.95. பர்மிங்ஹாம் 24.33. டர்பைன் ஜெயித்துவிட்டது என்றுதானே நினைப்போம்? அங்கேதான் ஒரு சிக்கல். அந்தக் காலத்து டர்பைன் நேராகவே கப்பலைத் தள்ளும் விசிறியின் தண்டோடு இணைந்திருந்தது, நடுவே பல்சக்கரம் கிடையாது. டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் சிக்கனம், கப்பலின் விசிறி மெதுவாகச் சுழன்றால்தான் சிக்கனம். முழு வேகத்தில் எப்படியோ சமாளித்துக்கொண்டன. மெதுவாக ஓடும்போது டர்பைன் நிலக்கரியைத் தின்று தீர்த்தது. போர்க்கப்பல் தன் வாழ்நாளில் பெரும்பகுதி மெதுவாகத்தான் ஓடும். அதனால் வேகத்தில் கடைசியாக வந்த பர்மிங்ஹாம், நெடுந்தூரக் கணக்கில் தலை நிமிர்ந்து நின்றது. பசிபிக்கைக் கடக்க வேண்டியிருக்குமே என்ற கவலையில் இருந்த அமெரிக்கா இதை மறக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கட்டிய நியூயார்க், டெக்சஸ் ஆகிய பெரும் போர்க்கப்பல்களுக்குப் பிஸ்டன் எஞ்சினையே மறுபடி வைத்தார்கள். டர்பைனுக்கும் விசிறிக்கும் நடுவே பல்சக்கரம் வந்த பிறகுதான் இந்தச் சண்டை தீர்ந்தது.

ஜெர்மானியர்களும் இதே விளையாட்டை ஆடினார்கள் என்பது ஒரு கூடுதல் சுவை. எம்டனுக்குப் பிஸ்டன் எஞ்சின், அதோடு பிறந்த டிரெஸ்டனுக்கு டர்பைன்.

25 மீட்டர் பலகை

பர்மிங்ஹாம் 1908 ஏப்ரல் 11-இல் பணியில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு, செஸ்டரோடு சேர்ந்து அமெரிக்க ஆணையக் குழு ஒன்றை ஆப்பிரிக்காவில் லைபீரியாவுக்கு ஏற்றிப்போனது. அமைதிக் காலத்தில் வேகமான கப்பலுக்கு இப்படி எடுபிடி வேலைகள் நிறைய வரும்.

1910-இல் வந்தது வேறு மாதிரியான வேலை. அமெரிக்கக் கடற்படையில் விமானம் பற்றி வரும் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு கேப்டன் வாஷிங்டன் இர்விங் சேம்பர்ஸிடம் இருந்தது. கப்பலிலிருந்து விமானத்தைப் பறக்க விட முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டார். கடற்படை அமைச்சரிடம் உற்சாகம் இல்லை, பணமும் இல்லை. யூஜீன் ஈலி என்ற இளைஞர், கர்டிஸ் விமானங்களைக் கண்காட்சிகளில் ஓட்டிக்காட்டிப் பிழைத்தவர், நான் செய்கிறேன் என்று முன்வந்தார். அதற்குக் கடற்படை கொடுத்த கப்பல் பர்மிங்ஹாம்.

நார்ஃபோக் கப்பல் தளத்தில் பர்மிங்ஹாமின் முகப்பின் மேல் மரப்பலகையால் ஒரு சாய்தளம் கட்டினார்கள். நீளம் 83 அடி, அதாவது 25 மீட்டர். விமானத்தை அதன் மேல் நிறுத்தியதும், ஓடிக் கிளம்ப மிச்சம் இருந்தது 57 அடி. முன் விளிம்பு தண்ணீருக்கு 37 அடி மேலே. இந்த அளவை மனதில் பிடித்துக்கொள்ள, ஒரு சாதாரண வீட்டு வாசலிலிருந்து இரண்டு மூன்று வீடு தள்ளி இருக்கும் தூரத்தில் விமானம் ஓடி ஏறிவிட வேண்டும், அந்தத் தெரு போய் முடிகிற இடத்தில் மூன்று மாடிப் பள்ளம் என்று நினைத்துப் பாருங்கள்.

நவம்பர் 14, வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பு. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கப்பல் காற்றை எதிர்த்து ஓடிக்கொண்டிருக்கும்போது விமானம் கிளம்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து இறக்கையைத் தூக்கிவிடும் என்று கணக்கு. வானம் மோசமாக இருந்ததால் பர்மிங்ஹாம் நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சற்றே வெளிச்சம் வந்தது. நங்கூரத்தைத் தூக்கத் தொடங்கினார்கள். சங்கிலி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த மழை வருவதை ஈலி பார்த்துவிட்டார். சங்கிலி முழுதாக மேலே வரும்வரை அவர் பொறுக்கவில்லை. கப்பல் அசையாமல் நிற்கும்போதே கையால் சைகை காட்டி, விமானத்தை விடச் சொன்னார்.

பலகையின் நுனியைத் தாண்டியதும் விமானம் நேரே கீழே இறங்கியது. சக்கரம் தண்ணீரில் பட்டது, விசிறியின் நுனி அடிபட்டு உடைந்தது, தெறித்த உப்புத் தண்ணீர் ஈலி போட்டிருந்த கண்ணாடியை மூடிவிட்டது. ஈலிக்கு நீச்சல் தெரியாது. உடைந்த விசிறி உலுக்கி எடுக்க, எந்தப் பக்கம் போகிறோம் என்று சரியாகத் தெரியாமலே நாலு கிலோமீட்டர் பறந்து, வில்லோபி ஸ்பிட் என்ற மணல்திட்டில் இறங்கினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நார்ஃபோக் கப்பல் தளம் வரை பறப்பதாகச் சொல்லிக் கிளம்பியவர் ஆதலால், தோற்றுவிட்டோம் என்றே அவருக்குத் தோன்றியது. போர்க்கப்பல் ஒன்றிலிருந்து விமானம் கிளம்பியது உலகத்தில் அதுதான் முதல் முறை.

இரண்டு மாதம் கழித்து, 1911 ஜனவரி 18-இல், சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா என்ற கப்பலின் மேல் அவரே விமானத்தை இறக்கியும் காட்டினார். மணல் மூட்டை கட்டிய கயிறுகளைத் தளத்தின் குறுக்கே போட்டு, விமானத்தின் கொக்கியில் மாட்ட வைத்து நிறுத்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கண்காட்சியில் விமானம் விழுந்து ஈலி இறந்தார். 25 வயது நிறையவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். பர்மிங்ஹாமின் கொடிமரத்தில் நிற்கும் மாலுமி 20 கிலோமீட்டர் பார்ப்பார் என்று கணக்குப் போட்டோம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கிறவருக்கு, தெளிவான நாளில், நூறு கிலோமீட்டருக்கு மேல் கண் எட்டும். வேவுக் கப்பலின் வேலையைப் பறிக்கப்போகிற ஆள், அந்தக் கப்பலின் முகப்பிலிருந்தே கிளம்பிப் போயிருக்கிறார். அன்று மழையில் நனைந்துகொண்டு நின்ற மாலுமிகள் யாருக்காவது அது தோன்றியிருக்குமா?

பனிக்கட்டியைத் தேடி

1912 ஏப்ரல் 15 அதிகாலை டைட்டானிக் மூழ்கியது. பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு கார்பேத்தியா நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. யார் பிழைத்தார்கள், யார் இல்லை என்று கரையில் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்க அதிபர் டாஃப்டுக்கு நெருக்கமான உதவியாளர் மேஜர் ஆர்ச்சிபால்ட் பட் அந்தக் கப்பலில் பயணம் செய்தவர். செஸ்டரையும் சேலத்தையும் கடலுக்கு அனுப்பி, கார்பேத்தியாவோடு வானொலியில் பேசி விவரம் வாங்கச் சொன்னார் டாஃப்ட். வேகமாகப் போய், தெரிந்துகொண்டு, செய்தி சொல்ல வேண்டும். அச்சு அசல் வேவுக் கப்பலின் வேலை.

செஸ்டரால் கார்பேத்தியாவைத் தொடர்புகொள்ள முடிந்தது, ஆனால் சரளமாகப் பேச முடியவில்லை. கார்பேத்தியாவில் இருந்து தந்திச் சாவியைத் தட்டியவர்களில் ஒருவர் டைட்டானிக்கிலிருந்து பிழைத்த ஹரால்ட் பிரைட். கால் அடிபட்ட நிலையில், தூக்கம் இல்லாமல் வேலை செய்தவர். கரைக்கு வந்ததும் அவர் கடற்படைக் கப்பல்களில் தந்தி தட்டியவர்களைத் தாளித்து எடுத்துவிட்டார். அவர்களுக்கு ஐரோப்பிய மோர்ஸ் குறியீடு சரியாகத் தெரியவில்லை, கை மகா மெதுவு என்பது அவர் குறை. பெரிய பணம் போட்டு வேகமான கப்பல் கட்டி, அதில் நல்ல வானொலியும் வைத்து, கடைசியில் சாவி தட்டும் விரலில் வந்து மாட்டிக்கொண்டது வேவு. மேஜர் பட் பிழைக்கவில்லை.

அந்த மே மாதம் முதல் ஜூலை வரை பர்மிங்ஹாமும், செஸ்டரும் மாறி மாறி வட அட்லாண்டிக்கில் சுற்றி, பனிப்பாறை எங்கே மிதக்கிறது என்று பார்த்து வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு சுங்கத் துறையின் காவல் கப்பல்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. இன்றும் தொடரும் சர்வதேசப் பனிப்பாறைக் காவலின் முன்னோடி அந்தச் சுற்றுதான். எதிரிக் கப்பற்படையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பர்மிங்ஹாமுக்குக் கடைசிவரை வரவே இல்லை. அது ஒழுங்காக வேவு பார்த்த எதிரி என்றால் பனிக்கட்டிதான் என்பேன்.

வானொலியும் வளர்ந்துகொண்டே போனது. 1913-இல் சேலத்தை ஜிப்ரால்டர் வரை ஓட்டி, வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டனில் கட்டிய புதிய நிலையத்தின் ஒலி எவ்வளவு தூரம் கேட்கிறது என்று வழிநெடுகச் சோதித்தார்கள். மின்சாரத் தீப்பொறியால் அலை எழுப்பும் பழைய முறையில் அனுப்பியதைவிட, பௌல்சன் ஆர்க் என்ற புதிய முறையில் அனுப்பியது நன்றாகக் கேட்டது. நாம் மேலே போட்ட ஒன்றரை மணி நேரக் கணக்கு இதோடு செத்தது. செய்தியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்றால், அவ்வளவு வேகம் எதற்கு என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

மெக்சிகோ, பிறகு பெரும் போர்

1914 ஏப்ரலில் அமெரிக்கா மெக்சிகோவில் தலையிட்டபோது, பர்மிங்ஹாம் மூன்று விமானங்களையும் அவற்றின் விமானிகளையும் ஏற்றிக்கொண்டு பென்சகோலாவிலிருந்து டாம்பிகோவுக்குப் போனது. லெப்டினன்ட் ஜான் டவர்ஸ் தலைமையிலான சிறு குழு அது. முன்பு ஒற்றை விமானத்தைக் கடலில் தள்ளிவிட்ட கப்பல், இப்போது விமானப் படைப்பிரிவுக்கு வண்டி. அதே சமயம் வெராகுரூஸ் துறைமுகத்துக்குள் செஸ்டரை இரவோடு இரவாகக் கொண்டுபோய், கரையில் இறங்கிய வீரர்களுக்குத் துணையாகச் சுட்டவர் அதன் கேப்டன் வில்லியம் மொஃபெட். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டே பர்மிங்ஹாம் டார்பிடோப் படகுகளுக்கும் நாசகாரிக் கப்பல்களுக்கும் தலைமைக் கப்பல் ஆனது. வேவுக் கப்பலுக்கு வேலை குறைந்தால் எல்லா நாட்டிலும் தந்த பதவி இது. நாசகாரிகள் சின்னவை, தளபதிக்கும் அவர் எழுத்தர்களுக்கும் இடம் கிடையாது, வானொலியும் சுமார். அவற்றை மேய்க்க ஓரளவு பெரிய, ஓரளவு வேகமான கப்பல் ஒன்று வேண்டும். ‘ஓரளவு’ என்பதில்தான் கோளாறு. புதிய நாசகாரிகள் முப்பது நாட்டை எட்டிவிட்டன, மேய்ப்பன் இன்னும் இருபத்து நான்கில்.

பிரிட்டனில் 1904-05-இல் கடலில் இறக்கிய எட்டு வேவுக் கப்பல்களுக்கும் இதே கதி. அவற்றில் பாத்ஃபைண்டர் என்ற ஒன்று, பெரும் போர் என்ற முதல் உலகப் போர் தொடங்கி ஒரு மாதம் ஓடிய கையோடு, 1914 செப்டம்பர் 5-இல் ஸ்காட்லாந்துக் கரையருகே ரோந்து போய்க்கொண்டிருந்தது. சிறிய கப்பல், நிலக்கரி கொஞ்சம், அதை மிச்சம் பிடிக்க மிகவும் மெதுவாகப் போனது. ஓட்டோ ஹெர்சிங் என்பவரின் யு-21 நீர்மூழ்கி விட்ட ஒற்றை டார்பிடோ வெடிமருந்து அறையைப் பிடித்தது. சில நிமிடங்களில் கப்பல் போயிற்று, 250 பேருக்கு மேல் இறந்தார்கள். தானே ஓடும் டார்பிடோவை நீர்மூழ்கியிலிருந்து விட்டு மூழ்கடித்த முதல் கப்பல் அது. ஓடுவதற்கென்றே பிறந்த கப்பல், நிலக்கரிக்காக ஊர்ந்துகொண்டிருந்தபோது மாட்டியது. நான் மேலே ஜெர்மானியர் பக்கம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். வேகம் மட்டுமே கவசம் என்றால், அந்தக் கவசத்தை எப்போதும் போட்டுக்கொண்டு இருக்க முடியாது.

அமெரிக்கா 1917-இல் போரில் இறங்கியது. ஜூன் 14-இல் நியூயார்க்கிலிருந்து பிரான்சுக்குக் கிளம்பிய முதல் அமெரிக்கத் துருப்புக் கப்பல் வரிசைக்குக் காவலாகப் பர்மிங்ஹாமும் போனது. திரும்பி வந்து, ஆகஸ்டில் ஜிப்ரால்டர் சேர்ந்தது. ரியர் அட்மிரல் நிப்லாக்கின் தலைமைக் கப்பலாக இருந்துகொண்டு, பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் ஜிப்ரால்டருக்கும் நடுவே சரக்குக் கப்பல்களைக் கொண்டுபோய் விட்டது. போர் முடியும்வரை அதே வேலைதான். செஸ்டர் மட்டும் 1918 செப்டம்பர் 5-இல் ஒரு நீர்மூழ்கியைப் பார்த்து, அது முங்கிய இடத்தின் மேலேயே ஓடி, நீரடிக் குண்டு போட்டது. அதில், கடல் கண்ணிவெடிக் கம்பியை அறுக்கக் கூடவே இழுத்துப்போகும் தன் பாராவேன் கருவியைச் சேதப்படுத்திக்கொண்டதுதான் மிச்சம், நீர்மூழ்கி தப்பிவிட்டது.

வேவுக் கப்பலைக் கற்பனை செய்தவர்கள் நீர்மூழ்கியை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் வருகிறவனைக் கொடிமரத்திலிருந்து எப்படித் தேடுவது? 1917, 1918 முழுவதும் பர்மிங்ஹாம் செய்தது காவலாளி வேலை, வேவு வேலை அல்ல.

போருக்குப் பிறகு, 1919 ஜூலையிலிருந்து சான் டியகோவில், பசிபிக் கடற்படையின் நாசகாரிகளுக்குத் தலைமைக் கப்பல். 1920-இல் பட்டியலில் வேவுக் குரூசர் என்ற பெயர் போய், இலகு குரூசர் என்று ஆகிவிட்டது. 1922-இல் பனாமாக் கால்வாய் ஓரம் பல்போவாவுக்கு மாற்றல். மத்திய அமெரிக்கத் துறைமுகங்களில் போய்க் கொடி காட்டிவிட்டு வருவது அங்கே வேலை.

வெராகுரூஸில் செஸ்டரை ஓட்டிய மொஃபெட், 1921-இல் அமெரிக்கக் கடற்படையின் விமானத் துறைக்கு முதல் தலைவர் ஆகியிருந்தார். 1922 அக்டோபரில் லாங்லி என்ற முதல் அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து விமானம் கிளம்பியது. 1923 பிப்ரவரி 24-இல் ஒமாஹா என்ற குரூசர் பணியில் சேர்ந்தது. வேவுக் கப்பலாகவே திட்டமிட்டது, பர்மிங்ஹாமைவிட ஏறக்குறைய இரட்டிப்பு எடை, 34 நாட் வேகம், பல்சக்கரம் வைத்த டர்பைன். அதன் தளத்தில், கவண் கல் போல எறிந்து பறக்கவிடும் பொறிகளின் மேல், இரண்டு விமானங்களுக்கு இடம் வைத்திருந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 1-இல் பிலடெல்ஃபியாவில் பர்மிங்ஹாமைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். ஆறு ஆண்டுக்கு மேல் அங்கேயே கட்டிக் கிடந்தது. செஸ்டருக்கு, அதன் பெயர் புதிய குரூசர் ஒன்றுக்குத் தேவைப்பட்டதால், 1928-இல் யார்க் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். 1930 மே 13-இல் இரண்டையும் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள்.